48 மணி நேரத்தில் ஒரு வீடியோ கேம்

ஒரு வீடியோ கேமை இரண்டே நாளில் உருவாக்க முடியுமா? முடியும் என்று காட்டிவருகிறது 'குளோபல் கேம் ஜாம்'. 2009-இல் தொடங்கிய இந்த நிகழ்வு, ஆண்டுதோறும் ஜனவரியில் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. நிரல் எழுதுபவர், படம் வரைபவர், இசையமைப்பவர் எனப் பலரும் குழுவாகச் சேர்வார்கள். கருப்பொருள் அறிவிக்கப்பட்ட பிறகுதான் வேலையே தொடங்கும்.

2013-இல் கருப்பொருளாகக் கொடுத்தது ஒரு சொல்லை அல்ல, ஓர் ஒலியை. லப்-டப் என்று துடிக்கும் இதயத்தின் ஒலி! அதைக் கேட்டு, லண்டனின் போஸா ஸ்டூடியோஸ் குழுவினர் இதய மாற்று அறுவை சிகிச்சையையே விளையாட்டாக்கினார்கள். மருத்துவரின் கையை மவுஸ் நகர்த்தும். ஒவ்வொரு விரலையும் மடக்க விசைப்பலகையில் தனித்தனி விசை. 48 மணி நேரத்தில் பிறந்த அந்த 'சர்ஜன் சிமுலேட்டர்', மெருகேற்றப்பட்டு அதே ஆண்டு ஏப்ரலில் விற்பனைக்கே வந்துவிட்டது.

குளோபல் கேம் ஜாமில் பரிசுப் போட்டி கிடையாது, கற்றுக்கொள்வதுதான் நோக்கம். புதியவர்களும் தாராளமாகச் சேரலாம். இளைஞர்களே, வரும் ஜனவரியில் நீங்களும் ஒரு குழுவில் இணைந்து பாருங்கள். விளையாடுவதைவிட, விளையாட்டை உருவாக்குவதில் இன்பம் அதிகம்!