திறந்தவெளிச் சுரங்கப் பகுதிகளில் நிலத்தடி நீர்த் தரக் கண்காணிப்பு

திறந்தவெளிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீரின் மட்டத்தையும் தரத்தையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பதிவு செய்வது நிலத்தடி நீர்த் தரக் கண்காணிப்பு எனப்படும். நீரைத் தேக்கி வைத்துக் கடத்தும் மண், பாறை அடுக்கு நீர்கொள் படுகை ஆகும். சுரங்கம் இந்தப் படுகையை வெட்டும்போதோ அதன் நீரை இறைக்கும்போதோ சுற்றுவட்டாரக் கிணறுகள் பாதிக்கப்படலாம்.

நெய்வேலி

தமிழகத்தில் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. பழுப்பு நிலக்கரி அடுக்கின் கீழே கடலூர் மணற்கல்லில் அழுத்தமிக்க நீர்ப்படுகை உள்ளது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. மேலுள்ள மண்ணை அகற்றினால் இந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்து வெளியேறிவிடும். எனவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. கிழக்கே வங்கக் கடல் இருப்பதால், நீர்மட்டம் அளவுமீறித் தாழ்ந்தால் உவர்நீர் உட்புகும் அபாயமும் உண்டு. குளோரைடு அளவு தொடர்ந்து உயர்வது அதன் முன்னறிகுறி.

மாசு சேரும் விதம்

நிலக்கரி அடுக்குகளில் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு இருக்கக்கூடும். அது காற்றுடனும் நீருடனும் வினைபுரிந்து கந்தக அமிலத்தைத் தருகிறது. அமிலம் பாறையிலுள்ள இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களைக் கரைக்கிறது. இதனால் சல்பேட்டு கூடுவதும் அமில-காரச் சுட்டெண் குறைவதும் கவனிக்கப்பட வேண்டியவை. வெடிமருந்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட்டின் எச்சம் நீரில் நைட்ரேட்டைச் சேர்க்கும்.

கண்காணிப்பு முறை

முதலில், சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே அடிப்படை அளவுகள் பதிவு செய்யப்பட வேண்டும். இவை இல்லையெனில் பிற்காலத்து மாற்றம் இயற்கையானதா, சுரங்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நிலத்தடி நீர் ஓடும் திசையில் சுரங்கத்துக்கு மேற்புறம் ஒரு கிணறும் கீழ்ப்புறம் சில கிணறுகளும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றிய பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். அமில-காரச் சுட்டெண், மின்கடத்து திறன், வெப்பநிலை ஆகியன அங்கேயே அளக்கப்படும். உலோகச் சோதனைக்கான மாதிரியில் சில துளிகள் நைட்ரிக் அமிலம் சேர்க்கப்படும். இல்லாவிடில் உலோகங்கள் புட்டியின் சுவரில் படிந்து, அளவு குறைவாகத் தெரியும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500:2012 ஆகும். இதன்படி லிட்டருக்கு நைட்ரேட்டு 45 மி.கி., பாதரசம் 0.001 மி.கி. ஆகிய அளவுகளை மீறக்கூடாது. கரைந்த திடப்பொருள் 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 மி.கி. வரை அனுமதி உண்டு.

கல்குவாரிகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடச் சுற்றுவட்டாரக் கல்குவாரிகளுக்கும் இம்முறை பொருந்தும். கடினப் பாறையில் நீர் வெடிப்புகள் வழியே மட்டும் ஓடுவதால், அருகருகே உள்ள இரு கிணறுகளின் நீர்கூட வேறுபடலாம். ஆகவே ஒரு கிணற்றின் முடிவைக் கொண்டு ஊர் முழுவதையும் மதிப்பிடக்கூடாது. 2017 வறட்சியின்போது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீர் சோதிக்கப்பட்டு, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டு, சென்னைக்குக் குடிநீராக வழங்கப்பட்டது. இன்று குப்பை கொட்டப்படும் பள்ளம் நாளை நீராதாரமாகலாம் என்பதை இது காட்டுகிறது. எனவே, குவாரிப் பணி முடிந்த பின்னரும் கண்காணிப்பு தொடர வேண்டும்.