தண்டனை முடிந்தது... கேஸ் முடியவில்லை!

விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு சோதனைச் சாவடி; அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்கள். காய் எடுக்கும் பெண்களுக்கும், ஜீப் ஓட்டுபவர்களுக்கும், ஸ்டோரில் காய் உலர்த்துபவர்களுக்கும் சோறு போடுவது அந்த மலைதான். கஞ்சா கேஸில் உள்ளே போய்த் திரும்பியவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஆனால் மூட்டை மூட்டையாகக் காய் கிடக்கும் ஸ்டோரில், பழைய கேஸ் இருப்பது தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

சட்டத்தைப் புரட்டினால் ஆதங்கம்தான் மிஞ்சுகிறது. சிறார்களுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கை கொடுக்கிறது. கொடுங்குற்றங்கள் சில நீங்கலாக, பதிவையே அழிக்கச் சொல்கிறது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனையால் வரும் தகுதிக்குறைவை நீக்குகிறது. சிறைத் தண்டனையை முழுதாக அனுபவித்த பெரியவருக்கு? அவர் பதிவை மூடி வைக்க இந்தியாவில் பொதுச் சட்டமே இல்லை. பிரிட்டன் 1974-லேயே அப்படியொரு சட்டம் போட்டுவிட்டது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இரண்டாண்டு சிறைத் தண்டனை பெற்றவர்கூட, விடுதலையாகி 6 ஆண்டுகள் கழிந்தால் தேர்தலில் நிற்கலாம். சட்டமன்றத்துக்குப் போக ஒரு கெடு உண்டு. ஏலக்காய் ஸ்டோருக்குப் போக கெடுவே கிடையாது!

விலையுயர்ந்த சரக்கை நம்பி ஒப்படைப்பவர்கள் ஆளைப் பற்றி விசாரிப்பது நியாயம்தான். ஆனால் எத்தனை காலத்துக்கு? 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி எடுக்கப்படும் கைரேகை, கருவிழிப் பதிவுகள் 75 ஆண்டுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 25 வயதில் கைரேகை வைத்தவருக்கு நூறு வயதாகும் வரை! குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரில் கைரேகை கேட்டதை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிரை விட்ட மண் இது. போலீஸ் பதிவேடு ஒரு குடும்பத்தின் பிழைப்பை எப்படிக் கெடுக்கும் என்பதை இங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விடுதலையாகும் நாளிலேயே, 'தண்டனை முடிந்தது' என்று காவல்துறைக் கணினியில் ஏற வேண்டும். மறு குற்றமின்றிக் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால், வேலைக்கான போலீஸ் வெரிபிகேஷனில் அந்தக் கேஸ் வரவே கூடாது. தேர்தலில் நிற்பவருக்குக் கெடு வைத்த நாடாளுமன்றம், தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு கெடு வைக்கட்டும்.