கலக்காமலே எழுந்த சுழி!

ஆடிப் பெருக்கு. திருவையாற்றுப் படித்துறையில் பெண்கள் காவிரிக்குப் பூ விடுகிறார்கள். "சுழி இருக்குடா, இறங்காதே!" என்று தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டுகிறார்கள்.

ஓடுகிற தண்ணீர் பாலத் தூணில் மோதித் திரும்பினால் சுழி வரும். எதிலும் மோதாமல், யாரும் கலக்காமல் சுழி எழுமா?

எழுந்தது! 2009-ம் ஆண்டு, அமெரிக்காவில் மேரிலாந்து மாநில ஆய்வுக்கூடம் ஒன்றில். தண்ணீரில் அல்ல, அணுக்களில்!

கடுங் குளிர்

ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்கள் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்டால் சூடுதானே ஏறும்? இங்கே நேர்மாறு. எதிரே வரும் ஒளி அணுவின் ஓட்டத்தைத் தடுக்கிறது. ஓட்டம் குறைந்தால் குளிர்ச்சி. பிறகு, காப்பி ஆவி பறந்து ஆறுவதுபோல, சூடான அணுக்களை மட்டும் வெளியே போகவிட்டார்கள்.

சைபருக்குக் கீழே 273 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் குளிருக்கு எல்லை வந்துவிடும். ஒரு டிகிரியைக் கோடி பங்காக்குங்கள். அந்த எல்லைக்குச் சில பங்கு தூரம்தான் பாக்கி! அந்தக் குளிரில் ஆயிரக்கணக்கான அணுக்கள் தனித்தனி என்பதை மறந்து ஓருடம்பாக அசைகின்றன.

லேசர் முட்டுக்கட்டை

மின்சாரம் ஏறிய துகள் ஓடும்போது காந்தம் அதை வளைத்துத் திருப்பும். ருபீடியம் அணுவுக்கு மின்சாரம் இல்லை. ஆகவே காந்தம் அதை அப்படி வளைக்காது.

திருவாரூர்த் தேரைப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் இழுக்கிறார்கள். திருப்புகிறவரோ முட்டுக்கட்டை போடுகிறவர்! இயன் ஸ்பீல்மன் குழுவினர் லேசர் கதிர்களை முட்டுக்கட்டையாகப் போட்டார்கள். பெரிய காந்தத்தில் சிக்கியதுபோல அணுக்கள் வளைந்தன, சுழிகள் எழுந்தன.

காவிரிச் சுழிக்கு அளவு கிடையாது. அணுச் சுழிக்கு மரக்கால் கணக்கு: ஒன்று உண்டு, இரண்டு உண்டு, முக்கால் மரக்கால் கிடையாது!

இது வெறும் வேடிக்கை அல்ல. வலுவான காந்தத்தில் எலெக்ட்ரான் கூட்டம், தன் மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்ததுபோல நடப்பதை 1982-ல் கண்டார்கள். எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பது கஷ்டம். அணுக்களைப் பிடிக்கலாம். 2023-ல் ஹார்வர்டில் இரண்டே அணுக்களைக் கொண்டு அந்த வகை நிலையை உண்டாக்கிப் பார்த்தார்கள்.

டாக்காவிலிருந்து ஒரு கடிதம்

இத்தனைக்கும் வித்து நம் நாட்டவர் எழுதிய கடிதம். கும்பகோணத்து ராமானுஜம் 1913-ல் ஹார்டிக்கு எழுதினார் அல்லவா? அதைப்போல 1924-ல் டாக்கா சர்வகலாசாலை ஆசிரியர் சத்யேந்திர நாத் போஸ், முன்பின் பழகாத ஐன்ஸ்டீனுக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். வயது முப்பது!

ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கணக்கை நீட்டி, கடுங்குளிரில் அணுக்கள் ஒன்றுகூடும் என்றார். 1995-ல் அது மெய்யானது. 2001-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

போஸ் 1974-லேயே காலமாகிவிட்டார். அவருக்கு அந்தப் பரிசு கிடைக்கவே இல்லை.