எல்விஸ் பிரெஸ்லி: புகழும் துயரமும்

புகழ் வந்தால் சுற்றமும் நட்பும் தாமே வந்து சேரும். ஆனால் நாம் தவறும்போது 'வேண்டாம்' என்று தடுக்கும் நட்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ராக் அண்ட் ரோல் இசையின் மன்னர் எனப் போற்றப்பட்ட எல்விஸ் பிரெஸ்லியின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டூபலோ என்னும் ஊரில், தந்தை கட்டிய இரண்டறை வீட்டில், 8-1-1935 அன்று எல்விஸ் பிறந்தார். உடன் உருவான இரட்டைக் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. எனவே தாயார் கிளாடிஸ் இவரைக் கண்ணின் மணிபோல் வளர்த்தார். ஆலயத்தில் கேட்ட பக்திப் பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் அச்சிறுவனின் உள்ளத்தில் ஒன்றாய்க் கலந்தன.

பள்ளிப் படிப்பை முடித்து, மெம்பிஸ் நகரில் லாரி ஓட்டிப் பிழைத்த எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954-இல் வெளிவந்தது. 1956-இல் இவர் தொலைக்காட்சியில் பாடியதை ஏறத்தாழ 6 கோடிப் பேர் பார்த்தனர். இவருடைய ஆட்டத்தைப் பெற்றோரும் போதகர்களும் கண்டித்தனர். இளைஞரோ இவரைக் கொண்டாடினர்.

1958-இல் இராணுவச் சேவைக்குச் சென்றார். அதே ஆண்டில் அன்னையை இழந்தார். அந்த இழப்பை அவர் இறுதிவரை மறக்கவில்லை. திரும்பி வந்தபின் மேலாளர் பார்க்கர் ஏற்பாடு செய்த திரைப்படங்களிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. 1968-இல் மீண்டும் இசையால் எழுந்தார். 1969 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் பாடினார். உறக்கத்திற்கு ஒரு மாத்திரை, விழிப்பதற்கு வேறொரு மாத்திரை என்று உடல் தளர்ந்தது. 1973-இல் மணவாழ்வும் முறிந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. போதைப்பொருளை ஒழிக்க உதவுவதாகக் கூறி 1970-இல் குடியரசுத் தலைவர் நிக்சனை நேரில் சந்தித்தவர் இவர்! மருத்துவர் எழுதித் தருவது போதையாகாது என்று நம்பினார். ஆனால் 1977-இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் அவர் பெயருக்கு எழுதப்பட்டவை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள். அவரை அண்டிப் பிழைத்தோர் பலர். உறுதியாகத் தடுக்க முயன்ற சிலரோ வேலையிழந்தனர். 16-8-1977 அன்று, 42-ஆம் வயதில், தம் மாளிகையில் இறந்தார். அவருக்கு மருந்தெழுதிய மருத்துவரின் உரிமம் 1995-இல் பறிக்கப்பட்டது.

எல்விஸ் பெற்ற மூன்று கிராமி விருதுகளும் பக்திப் பாடல்களுக்கே கிடைத்தவை. இளமையில் ஆலயத்தில் கேட்ட இசையே கடைசிவரை அவருக்குத் துணை நின்றது.

அன்புத் தோழியரே, அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சாகும், மருந்தும் அப்படியே. நம்மைப் புகழ்வோரைவிட, இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்வோம். நாமும் பிறருக்கு அத்தகைய தோழியராய் விளங்குவோமாக!

— 10-ஆம் வகுப்பு மாணவி