மூச்சு வாங்க மேலே வரவேண்டும்!

எங்கள் செம்பூர் வீட்டில் ஒரு காலத்தில் ஞாயிறு மதியம் என்றால் டி.வி. முன்னால் சண்டைதான். என் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த ‘அட்டாரி 2600’ டி.வி. கேம்தான் காரணம். கேசட்டுகள் நாலைந்து இருந்தாலும் பிள்ளைகள் கேட்டது ‘ஸீக்வெஸ்ட்’ ஒன்றையே. கம்ப்யூட்டர் தானாகவே விளையாடக் கற்றுக்கொண்ட கதையை அண்மையில் பேரன் சொன்னபோது, அதே பெயர் காதில் விழுந்தது!

1983-ல் வந்த விளையாட்டு இது. உருவாக்கியவர் ஸ்டீவ் கார்ட்ரைட், வெளியிட்டது ஆக்டிவிஷன். விளையாட்டை அமைத்தவரின் பெயரை அட்டாரி வெளியே சொல்வதில்லை என்ற மனக்குறையோடு விலகியவர்கள் 1979-ல் தொடங்கிய கம்பெனி அது.

நீர்மூழ்கிக் கப்பல் உங்களுடையது. இருபுறமும் சுறாக்கள், எதிரிக் கப்பல்கள். சுட்டால் பாயிண்ட். நடுவே நீந்தும் முக்குளிப்பவர்களைக் காப்பாற்றி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆறு பேருக்குத்தான் இடம். திரையின் அடியில் ஆக்ஸிஜன் கோடு குறைந்துகொண்டே வரும். அது தீருமுன் மேலே வராவிட்டால் கப்பல் போயிற்று. சரி, நினைத்தபோது மேலே வரலாமா? ஒருவரைக்கூட ஏற்றாமல் வந்தாலும் கப்பல் போய்விடும்! ஆறுக்குக் குறைவாக வந்தால் ஒருவரை இழக்க வேண்டும். ஆறு பேரோடு வந்தால் போனஸ். ஆனால் அதன்பின் எதிரிகளின் வேகம் கூடும். என் மகள் கோட்டைப் பார்த்து ஆடுவாள். மகனோ “இன்னும் ஒரே ஒரு சுறாம்மா!” என்பான், அத்தோடு ஆட்டம் முடிந்துவிடும்.

இத்தனையும் எவ்வளவு இடத்தில் என்கிறீர்கள்? கேசட்டில் 4 கிலோபைட். கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். முழுப் படத்தையும் சேமித்துவைக்க இடமே இல்லை. டி.வி. கதிர் மேலிருந்து கீழே வரிவரியாக வரையும்போதே, அந்தந்த வரிக்கு வேண்டியதைக் கருவி அவசரமாகத் தரவேண்டும். அதனிடம் இருந்த முக்கிய உருவங்கள் இரண்டே. மேல் வரிசையில் சுறாவாக வந்த உருவமே, கதிர் கீழே இறங்குவதற்குள் வேறு வேஷம் கட்டி அடுத்த வரிசையில் நிற்கும். நம் தெருக்கூத்தில் ஒரே ஆள் இரண்டு வேஷம் போடுவதுபோல என்று வையுங்களேன்.

இனி பேரன் சொன்ன கதை. 2013-ல் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம், திரைப்படத்தையும் பாயிண்டையும் மட்டும் காட்டி ஏழு அட்டாரி விளையாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்தது. சிலவற்றில் அது மனிதரை மிஞ்சியது. ஸீக்வெஸ்டில் வெகுவாகப் பின்தங்கியது. 2015-ல் வந்த அடுத்த ஆய்விலும் மனிதர் ஏறத்தாழ 20,000 பாயிண்ட் எடுக்க, கம்ப்யூட்டர் சுமார் 5,300-தான் எடுத்தது. எனக்கு இதில் வியப்பில்லை. சுறாவைச் சுட்டால் பலன் உடனே தெரியும். மூச்சு வாங்க மேலே போவதன் பலனோ வெகுநேரம் கழித்தே தெரியும். நீண்டகால யோசனை தேவைப்படும் ஆட்டம் என்றே ஆய்வாளர்களும் எழுதியிருந்தார்கள். பின்னர் 2020-ல் வந்த ஒரு புரோகிராம் இதிலும் மனிதரைத் தாண்டிவிட்டது.

மகனிடம் போனில் இதைச் சொன்னேன். “அப்போ நானும் கம்ப்யூட்டர் மாதிரிதான் ஆடியிருக்கேன்!” என்று சிரித்தான். பரணில் இருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லிப் பேரன் இப்போது நச்சரிக்கிறான்.