பழமும் சீனியும் கலந்த ஸ்க்ரப்: வீட்டிலேயே செய்வோம், அளவோடு தேய்ப்போம்

பெருநாள் நெருங்கும்போதும் வீட்டில் நிக்காஹ் வைத்திருக்கும்போதும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கை, கால், முகத்துக்கு என்ன பூசலாம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். கடையில் ஒரு சின்ன டப்பா ஸ்க்ரப்புக்கு நூற்றுக்கணக்கில் விலை கேட்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் பெரும்பாலும் இருப்பது தேய்ப்பதற்கு ஏதோ ஒரு பொடி, வழுவழுப்புக்கு எண்ணெய், கொஞ்சம் வாசனை. இந்த மூன்றும் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. சீனி, தேங்காய் எண்ணெய், ஒரு துண்டு பழுத்த பப்பாளி இருந்தால் போதும்.

செய்வது எளிது. எதற்காகச் செய்கிறோம், எங்கே தேய்க்கிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எனவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஸ்க்ரப் என்ன செய்கிறது?

நம் தோலின் மேல்பகுதி ஓய்வில்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் புதிய செல்கள் மெதுவாக மேலே வந்து, இறந்து, தட்டையாகி, பிறகு தானாகவே உதிர்கின்றன. இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். உள்ளங்காலில் இந்த இறந்த அடுக்கு மற்ற இடங்களைவிடத் தடிமனாக இருக்கும். குதிகால், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் அது உதிராமல் தேங்கும்போதுதான் தோல் சொரசொரப்பாகத் தெரிகிறது.

சீனித் துகள் அந்த உதிரவேண்டிய அடுக்கைச் சற்று முன்னதாகவே நீக்கிவிடுகிறது. எண்ணெய், தோலில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. ஸ்க்ரப்பின் வேலை இவ்வளவுதான். தோல் மிருதுவாகும், பளிச்சென்று தெரியும். நிறம் மாறாது.

சீனிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கடை ஸ்க்ரப்புகளில் முன்பு நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் சேர்த்து வந்தார்கள். அவை கரையாமல் சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்தன. அதனால் அமெரிக்கா 2015இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 2018இல் தடை செய்தது.

தேவையான பொருட்கள்

சீனி - 4 மேசைக்கரண்டி
தேங்காய் எண்ணெய் - 2 மேசைக்கரண்டி
நன்கு பழுத்த பப்பாளி விழுது - 1 மேசைக்கரண்டி

இது ஒருவருடைய கை, கால், முழங்கை, முழங்கால்களுக்கு ஒரு தடவைக்குப் போதுமானது.

செய்முறை

சீனி பெரிய கல்லாக இருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுக்கவும். மாவாகிவிடக் கூடாது; மெல்லிய ரவை போல இருந்தால் சரி. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால், பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

முதலில் சீனியையும் எண்ணெயையும் கலக்கவும். பிறகுதான் பழ விழுதைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எண்ணெய் முதலில் சீனியைச் சுற்றிப் படிந்துகொண்டால், பழத்தின் சாறு பட்டு அது உடனே கரையாது. பழத்தை முதலில் சேர்த்தால் ஸ்க்ரப்புக்குப் பதிலாகச் சர்பத்தான் கிடைக்கும்.

பப்பாளி இல்லாவிட்டால் கனிந்த வாழைப்பழம் போதும். அதிகம் கனிந்து, சாப்பிட ஆளில்லாமல் கிடக்கும் பழத்துண்டையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். நல்ல பழத்தைப் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுப்போம். ஏனென்றால் ஸ்க்ரப்பில் பழத்தின் பங்கு சிறியதே. அது வழுவழுப்பையும் வாசனையையும் தருகிறது. ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவிவிடுவதால் பழத்தின் வைட்டமின்கள் தோலுக்குள் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அவை வயிற்றுக்குள் போனால்தான் பயன்.

காய் பப்பாளியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பால் தோலை அரிக்கும். ரப்பர் கையுறை, பலூன் போன்றவை பட்டால் அரிப்பு வருகிறவர்களில் சிலருக்குப் பப்பாளியும் வாழைப்பழமும்கூட ஒத்துக்கொள்ளாது. அவர்கள் பழமே சேர்க்காமல் சீனியும் எண்ணெயும் மட்டும் கலந்து செய்துகொள்ளலாம். முதல் தடவை செய்கிறவர்கள் எவராயினும், முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

எலுமிச்சை வேண்டாம்

பல குறிப்புகளில் "எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் கூடும்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். நம் தோல் இயல்பாகவே லேசான புளிப்புத்தன்மை கொண்டது. எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு புளிப்பானது. தேய்த்த தோலில் அது பட்டால் எரியும். அதோடு எலுமிச்சையில் உள்ள சில பொருட்கள் தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து கொப்புளிக்கலாம். ஆறிய பிறகு விழும் கரும்பழுப்புத் தழும்பு மறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். நிறம் கூட வேண்டும் என்று பூசியது கறையில் போய் முடியும்.

தேய்க்கும் முறை

குளித்து முடிக்கும் நேரத்தில், தோல் ஊறியிருக்கும்போது தேய்ப்பதே நல்லது. உட்கார்ந்துகொண்டு, விரல் நுனிகளால் வட்டமாக ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும். பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்கவும். ஈரம் காய்வதற்குள் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். வறண்ட தோல் உள்ளவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மருதாணி வைப்பதாக இருந்தால் அதற்கு முன்பே தேய்த்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட வேண்டும். மருதாணி நிறம் பிடிப்பது அந்த மேல் அடுக்கில்தான். வைத்த பிறகு தேய்த்தால் நிறமும் சேர்ந்து போய்விடும்.

முடிந்ததும் குளியலறைத் தரையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிடுவோம். எண்ணெய்ப் பசையில் அடுத்து வரும் வயதானவர்கள் வழுக்கி விழக்கூடும். சீனி தங்கினால் எறும்பும் வந்து சேரும்.

எங்கே தேய்க்கக் கூடாது?

முகத்துக்கு இது தேவையில்லை. முகத்தோல் மெல்லியது, சீனித் துகளின் முனைகள் அதைக் கீறிவிடும். பரு உள்ள முகத்தில் தேய்த்தால் பரு இன்னும் சிவந்து வீங்கும். காயம், சிரங்கு, கரப்பான், வெயிலில் சிவந்த தோல், அன்று முடி நீக்கிய இடம் ஆகியவற்றிலும் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்க்ரப்பே தேவையில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் தேய்க்க வேண்டாம். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். கீறல் விழுந்தாலும் தெரியாது, விழுந்த கீறல் ஆறவும் நாளாகும். உம்மாவின் குதிகால் வெடித்திருக்கிறதே என்று அன்போடு தேய்த்துவிடப் போய், அது புண்ணாகிவிடக் கூடாது.

கழுத்துக் கருமை அழுக்கு அல்ல

சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும். "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று திட்டி, பீர்க்கங்கூடு கொண்டும் ஸ்க்ரப் கொண்டும் அதைத் தேய்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம் அது. பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையும்கூட. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஸ்க்ரப் அல்ல. மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வதும், உணவையும் எடையையும் கவனிப்பதும்தான். காரணம் சரியானால் கருமையும் மெல்லக் குறையும்.

அழுத்தித் தேய்ப்பதால் வேறொரு தீங்கும் உண்டு. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள், மேல்தோலின் அடிப்பகுதியில் இருக்கின்றன. ஸ்க்ரப் அங்கே எட்டாது. ஆனால் மேலே தோல் புண்படும்போது அந்தச் செல்கள் தூண்டப்பட்டு இன்னும் அதிக மெலனினை உண்டாக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது எளிதில் நடக்கும். வெளுக்க வேண்டும் என்று நாள்தோறும் தேய்க்கிறவர்களின் தோல் மேலும் கறுத்துப்போவது இதனால்தான்.

தேய்த்து வெளுக்கவில்லை என்றதும் அடுத்துக் கை நீள்வது சிவப்பழகு கிரீம்களை நோக்கி. அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். 2013இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா ஒப்பந்தம், பாதரசம் சேர்த்த இத்தகைய கிரீம்களை 2020க்குள் நிறுத்த வேண்டும் என்றது. இருந்தும் அவை விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தார்கள். தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருட்களின் பட்டியலும் இல்லாத கிரீமை, யார் வாங்கி வந்து கொடுத்தாலும் தொடாமல் இருப்போம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பழம் கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், மிச்சத்தை வைத்திருக்கக் கூடாது. சீனி அதிகமாக இருந்தால் ஜாம் போலக் கெடாமல் இருக்கும் என்று சிலர் நினைக்கலாம். ஈரக் கையால் ஒரு முறை அள்ளினாலே நீர் சேர்ந்து, கிருமி வளர வழி ஏற்பட்டுவிடும்.

வீணாகாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. சீனியையும் எண்ணெயையும் மட்டும் கலந்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்துக்கொண்டால் சில வாரங்கள் இருக்கும். தேவைப்படும்போது காய்ந்த கரண்டியால் எடுத்து, அந்த வேளைக்கு மட்டும் பழ விழுதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருநாளுக்காகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்யும்போது, கை மிருதுவாவதற்காகவே இது என்று சொல்லிக் கொடுப்போம். நிறம் குறைவு என்று பிள்ளையின் மனதில் நாமே ஒரு குறையை ஏற்றிவிட்டால், அதைத் தேய்த்துக் கழுவ எந்த ஸ்க்ரப்பும் கிடையாது.