மலைவழிக்கு ஒரு செய்மதித் துணை

1972ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 16ஆம் நாள், அலாஸ்காவின் அங்கரேஜ் நகரிலிருந்து ஜூனோ நகரை நோக்கிப் புறப்பட்ட சிறு விமானமொன்று இடைவழியில் மறைந்து போயிற்று. அதிற் சென்றவர்களுள் ஹேல் பொக்ஸ் என்பவர் அமெரிக்க மக்கள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். நிக் பெகிச் என்பவர் அலாஸ்காவின் பிரதிநிதி. நாட்டை ஆளும் சபையினர் இருவர் காணாமற் போயினர் என்றால் தேடுவோர் எந்த மூலையைத்தான் விட்டு வைப்பர்? 39 நாட்கள் தேடினர். விமானத்தின் ஒரு துண்டேனும் இன்றுவரை அகப்படவில்லை.

நிலத்தில் நின்று தேடினால் அகப்படாதவரை வானத்திலிருந்து கேட்டறிய இயலுமா என்ற கேள்வி அக்காலத்தில் வலுத்தது. 1979இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் கூடி, கொஸ்பாஸ்-சார்சற் என்னும் கூட்டு ஏற்பாட்டிற்கு உடன்பட்டன. ஒன்றையொன்று அழிக்க அணுக்குண்டுகளை அடுக்கி வைத்திருந்த இரு வல்லரசுகள், வழி தவறியவனைக் காப்பாற்றுவதில் மாத்திரம் கைகோத்தமை வியப்புக்குரியதே. 1982 ஜூன் மாதத்தில் கொஸ்மொஸ் 1383 என்ற சோவியத் செய்மதி ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில், காணாமற் போன வேறொரு விமானத்தைத் தேடிச் சென்ற சிறு விமானமொன்று கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மலைகளில் வீழ்ந்தது. அதன் அபாயக் குரலைச் சோவியத் செய்மதி கேட்டது. கனடிய நிலையம் அதனைப் பெற்று இடத்தைக் கணித்தது. மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அன்று முதல் இவ்வேற்பாட்டினால் உயிர் தப்பியோர் 50,000 பேருக்கு மேலாவர்.

அன்று விமானத்தின் வாலிற் பொருத்தப்பட்ட கருவி இன்று சட்டைப் பையில் அடங்குகின்றது. அதனால் எழுந்த சங்கடம் யாதெனில், கடையில் ஒன்றல்ல, பலவகைக் கருவிகள் வாங்குவோனை எதிர்நோக்கி நிற்கின்றன என்பதே. வான்கூவரில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் நண்பரோடு ஐந்து நாள் மலைநடை செல்லவிருப்பதாகவும், எதை வாங்கலாம் என்றும் எமக்கு எழுதிக் கேட்டார். பௌதிகம் படிப்பித்தவரிடம் கேட்டால் விடை கிடைக்கும் என எண்ணினார் போலும். ரொறன்ரோ, மெல்பேண், ஒக்லாந்து முதலிய இடங்களிற் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் நம் வாசகருள் அநேகர். ஆதலின் அவருக்கு எழுதியதை விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

கைத்தொலைபேசி இருக்கும்போது வேறொரு கருவி எதற்கு என்பது முதற் கேள்வி. கைத்தொலைபேசி பேசுவது ஊரில் நாட்டியிருக்கும் கோபுரத்தோடு. மலைக்கு அப்பால் கோபுரம் இல்லையாயின் அது வெறும் விளக்கும் மணிக்கூடும் ஆகிவிடும். அமெரிக்காவில் ஜோர்ஜியா முதல் மேன் மாநிலம் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளும் அப்பலேச்சிய நெடும்பாதையில், 2013 ஜூலையில், முதிய பெண்மணி ஒருவர் பாதையை விட்டுச் சிறிது விலகினார். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்குக் குறுஞ்செய்திகள் எழுதினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. கூடாரம் அமைத்து இரண்டு வாரங்களுக்கு மேலாகக் காத்திருந்தார். 2015 ஒக்ரோபரிலேயே அவருடைய எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. பாதையிலிருந்து அவ்விடம் வெகு தூரமன்று. இதிற் கொடிது என்னவெனில், செய்மதிக் கருவியொன்று அவரிடம் இருந்தது. அதனைத் தங்குவிடுதியில் விட்டுச் சென்றிருந்தார்.

இனி, கருவிகளைப் பார்ப்போம். முதலாவது, தனியாள் அபாயஒலிபரப்பி. கொஸ்பாஸ்-சார்சற்றின் நேர் வாரிசு இதுவே. பயன்படுத்துவோன் சுருட்டி வைத்த அன்ரெனாவை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினால், 406 மெகாஹேட்ஸ் அதிர்வெண்ணில் ஏறத்தாழ ஐந்து உவாற்று வலுவோடு, ஐம்பது செக்கனுக்கு ஒருமுறை, குறைந்தது 24 மணி நேரம் அது கூவிக்கொண்டேயிருக்கும். புகைவண்டி நம்மை நெருங்கும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதை வாசகர் கேட்டிருப்பர். செய்மதி கடந்து செல்லும்போது அலையின் சுருதியும் அவ்வாறே மாறும். அம்மாற்றத்தைக் கொண்டே தொடக்ககாலத்தில் இடத்தைக் கணித்தனர். அதனாற் கிடைத்த விடை சில கிலோமீற்றர் பிசகக்கூடியது. இக்காலத்துக் கருவிகளோ ஜி.பி.எஸ். மூலம் தம் இடத்தைத் தாமே அறிந்து கூறுதலால், ஏறத்தாழ நூறு மீற்றருக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனோடு 121.5 மெகாஹேட்ஸில் மெல்லிய ஒலியொன்றும் புறப்படும். உலங்குவானூர்தியில் வருவோர் பற்றையையும் பாறையையும் கடந்து கடைசித் தூரத்தை அறிவது அவ்வொலியைக் கொண்டே. பழைய 121.5 கருவிகளைச் செய்மதிகள் கேட்பது 2009 பெப்ரவரி முதலாந் திகதியோடு நின்றுவிட்டது. ஆதலின் யாரேனும் பழைய கருவியை மலிவாகத் தந்தால் வாங்கற்க.

இதன் பெருஞ் சிறப்பு மாதச் சந்தா இல்லாமையாகும். விலை ஏறத்தாழ 300 முதல் 400 அமெரிக்க டொலர் வரை. அதன்பின் அரசாங்கங்களின் ஏற்பாடே அனைத்தையும் கவனிக்கும். பற்றரி உள்ளே மூடி முத்திரையிடப்பட்டுப் பல ஆண்டுகள் விழித்திருக்கும். மாற்றவேண்டிய திகதி கருவியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். குறையோ ஒன்றுதான், ஆயினும் சிறிதன்று. அது கூவுமேயன்றிப் பேசாது. கால் முறிந்ததா, வழி தவறியதா, பாம்பு தீண்டியதா என்று சொல்ல அதற்கு வாயில்லை. 2020 ஜனவரி முதல் ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகள், குரல் கேட்டாயிற்று என்பதை மாத்திரம் மறுமொழியாக அனுப்பும் வசதியை ஏற்படுத்தியுள்ளன. அதற்கு ஏற்ற கருவியாயின் ஒரு சிறு விளக்கு ஒளிரும். இருளில் காலொடிந்து கிடப்பவனுக்கு அவ்விளக்கின் பெறுமதி என்னவென்று நாம் இங்கிருந்து கணக்கிட முடியாது.

இரண்டாவது, இருவழிச் செய்தி அனுப்பும் கருவி. 2011இல் டிலோர்ம் என்னும் நிறுவனம் வெளியிட்டு, 2016இல் கார்மின் நிறுவனம் தன்வசமாக்கிய இன்றீச் இவ்வகையினது. அதன் சிறிய வடிவம் 100 கிராம் நிறையுடையது. இது இரிடியம் செய்மதிகளை நம்புவது. புவிக்கு மேல் 780 கிலோமீற்றர் உயரத்தில் 66 செய்மதிகள் ஓயாது சுற்றி, ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றுதலால், துருவப் பிரதேசத்திலும் இது வேலை செய்யும். (முதலில் 77 செய்மதிகள் எனத் திட்டமிட்டமையால் அணுவெண் 77 உடைய இரிடியத்தின் பெயரை வைத்தனர். எண்ணிக்கை 66 ஆகக் குறைந்தபோது பெயரை மாற்றியிருந்தால் டிஸ்புரோசியம் என அழைத்திருக்க வேண்டும், நல்லவேளை, விட்டுவிட்டனர்.) 2007இல் வந்த ஸ்பொட் என்னும் கருவியோ குளோபல்ஸ்ரார் செய்மதிகளை நம்புவது. அச்செய்மதிகள் செய்தியை உடனே நிலத்திலுள்ள நிலையத்துக்கு இறக்கிவிடும். அருகே நிலையம் இல்லாத கடற்பரப்புகளிலும் சில நிலப்பகுதிகளிலும் குரல் வீணாகும். வட அமெரிக்க மலைகளுக்கு இவ்வேற்றுமை பெரிதன்று. இமயத்துக்கோ ஆபிரிக்காவுக்கோ செல்வோர் வரைபடத்தைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இவ்வகையில் அபாயப் பொத்தானை அழுத்தினால் செய்தி அரசாங்க நிலையத்துக்கன்றி, அந்நிறுவனம் இரவும் பகலும் நடத்தும் மறுமொழி நிலையத்துக்குச் செல்லும். அங்கிருப்போர் 'என்ன நேர்ந்தது?' என்று எழுத்தில் கேட்பர். கால் முறிந்தது என்றால் தூக்குப்படுக்கையோடு வானூர்தி. வழி தவறியது என்றால் ஒருவேளை வழிகாட்டும் நான்கு வரிகளே போதும். மீட்கச் செல்வோர் எதை எடுத்துச் செல்வது என அறிந்து செல்லுதல் பாதி வேலை முடிந்ததற்குச் சமம் என நாம் கருதுகின்றோம். ஆயின் மாதச் சந்தா கட்டவேண்டும். கட்டத் தவறின் கருவி ஊமை. பற்றரியைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஏற்றவும் வேண்டும்.

மூன்றாவதைச் சுருங்கக் கூறுவோம். 2022 நவம்பர் முதல் ஐபோன் 14உம் அதற்குப் பிந்தியவையும் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்மதி வழியாக உதவி கேட்க வல்லன. பின்னர் வேறு சில நாடுகளுக்கும் இவ்வசதி விரிந்தது. வானம் திறந்திருந்தால் திரையிற் காட்டும் திசையை நோக்கிப் பிடித்துச் சிறிது நேரத்தில் செய்தி அனுப்பலாம். மரச்செறிவில் நேரம் கூடும். இருப்பதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எனினும் படமெடுக்கவும் வழி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்படும் அதே கருவி, குளிரிற் பற்றரி சோர்ந்து, பாறையில் வீழ்ந்து கண்ணாடி வெடித்தபின் உயிரையும் காக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அதன்மேற் சுமத்தும் அதிக பாரம். இதனை இரண்டாந் துணையாக வைத்துக்கொள்க.

மாணவருக்கு நாம் எழுதிய விடை இதுவே: ஆண்டில் இரண்டொரு முறை, துணையோடு செல்பவராயின் முதல் வகையை வாங்கிப் பதிவு செய்து பையின் தோட்பட்டியிற் கட்டிவிடும். அடிக்கடி செல்பவராயின், தனியே செல்பவராயின், மனைவி மக்கள் வீட்டில் இருப்பவராயின் இரண்டாம் வகைக்குச் சந்தா கட்டும். எதுவாயினும் பையின் அடியில் வைக்கவேண்டாம். வழுக்கி வீழ்ந்தவனும் பையும் வெவ்வேறு இடங்களிற் கிடப்பது உண்டு. ஆழ்ந்த பள்ளத்தாக்கிற் கிடந்தால், அலைக்கு வானம் தெரியும் இடம்வரை நகர முடியுமா என்று முதலிற் பாரும்.

பொத்தானை எப்போது அழுத்துவது என்பதும் வாங்குவதைப் போலவே யோசிக்கவேண்டியது. 2009 செப்ரெம்பரில் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கிற் சென்ற ஒரு குழுவினர் மூன்று நாட்களில் மும்முறை அழுத்தினர். முதல் முறை உதவி வந்தபோது தண்ணீர் கிடைத்துவிட்டது என்று ஏற மறுத்தனர். இரண்டாம் முறைக்குக் காரணம் அத்தண்ணீர் உப்புக் கரித்தது என்பது. இரண்டாம் முறை வந்தது இரவுநேரப் பறப்பு. வந்தவர்களுக்கும் வீட்டிற் பிள்ளைகள் இருந்திருப்பர். மூன்றாம் முறை கட்டாயமாக ஏற்றிக்கொண்டு வந்து, தலைவர்மீது குற்றப்பத்திரமும் எழுதினர். நடக்க முடியாமை, பெருகும் குருதி, மூச்சுத் திணறல், இரவுக் குளிரைத் தாங்க வழியின்மை — இவை அழுத்தத் தக்கன. களைப்பும் தாமதமும் அவ்வாறல்ல. அதேவேளை, கூச்சத்தினால் அழுத்தாது கிடந்து மடிவதும் வேண்டாம்.

இந்தியாவின் இமயமலைக்குச் செல்லும் எண்ணம் உடையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் அனுமதியின்றிச் செய்மதித் தொலைபேசி வைத்திருப்பது சட்டவிரோதம். இன்றீச் போன்றவற்றையும் அச்சட்டம் விடுவதில்லை. இவற்றோடு விமான நிலையத்தில் வெளிநாட்டவர் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்ச்சிகள் அண்மைக் காலத்திலும் உண்டு. வேறெந்த நாட்டிற்குச் செல்வதாயினும் புறப்படுமுன் அந்நாட்டு விதியை விசாரித்துக்கொள்க.

பதிவு செய்தல் பற்றி ஒரு வார்த்தை. அபாயஒலிபரப்பி ஒவ்வொன்றிலும் நாட்டின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அவுஸ்திரேலியாவில் வாங்கியதை அவுஸ்திரேலியாவிலேயே, கனடாவில் வாங்கியதைக் கனடாவிலேயே பதிவுசெய்தல் வேண்டும். அமெரிக்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். குரல் எழுந்ததும் நிலையத்தார் முதலிற் செய்வது, பதிவிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, 'இவர் மலைக்குச் சென்றது உண்மையா, எவ்வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவர்?' என்று விசாரிப்பது. இவ்விடத்தில் பிள்ளைகள் பாசத்தினாற் பெற்றோரின் எண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். வான்கூவரில் நண்பகல் எனில் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு கடந்திருக்கும். வழியும் தெரியாது, பையின் நிறமும் தெரியாது தாயார் என்ன விடை கூறுவார்? வழியறிந்த உள்ளூர் நண்பரொருவரின் எண்ணை முதலில் எழுதி, வழித்தாளின் பிரதியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் பெற்றோர் எண்ணை இரண்டாவதாக எழுதட்டும். இருவழிக் கருவி வைத்திருப்போர் அந்திதோறும் 'நலம்' என்று ஒரு வரி அனுப்பலாம்; ஆயின் பள்ளத்தாக்கிற் படுத்துறங்கும் இரவில் அவ்வரி மறுநாட் காலையிலேயே வந்து சேரக்கூடும் என்பதையும் புறப்படுமுன்னரே வீட்டாருக்குச் சொல்லி வைக்கட்டும்.